முறுக்கு டப்பாவும் பச்சை வெளிச்சமும்

மாட்டுங்கா, பம்பாய்
14-2-1964

மகாராஜராஜஸ்ரீ சம்பந்தி சுந்தரராமன் அவர்களுக்கு, பஞ்சாபகேசன் நமஸ்காரம் செய்து எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் க்ஷேமம் என்று எழுத இன்றுதான் தைரியம் வந்தது. பாலக்காட்டில் தங்கள் க்ஷேமத்துக்குப் பதில் போடவும்.

"உங்கள் வீட்டில் பெண் எடுத்த நாளாக என் பிள்ளைக்குக் கோளாறுதான்" என்று எழுதியிருந்தீர்கள். அதுவும் கார்டில். தபால்காரர் முதல் கீழ்வீட்டுக்காரர் வரை படித்தாயிற்று. எனக்குக் கோபமில்லை. நன்றி சொல்லவே எழுதுகிறேன்.

மாப்பிள்ளை மகாதேவன் போன மாதம் நாகபுரியிலிருந்து சரக்கு விமானத்தை ஓட்டிவரும்போது, மலைத்தொடருக்கு மேலே, இருட்டுகிற வேளையில், இடது இறக்கைக்குப் பக்கத்தில் ஒரு பச்சை வெளிச்சம் கூடவே வந்திருக்கிறது. இவர் ஏறினால் அதுவும் ஏறியது, இறங்கினால் இறங்கியது, ரேடியோ இரைந்தது, திசைகாட்டி முள் நடுங்கியது, வெளிச்சம் மறைந்ததும் எல்லாம் ஒழுங்காகிவிட்டது. பார்த்ததைப் பார்த்தபடி கம்பெனியில் சொன்னார். மூளை டாக்டரிடம் போகச் சொல்லிவிட்டார்கள். அவர் ஒரு வரி எழுதினால் லைசென்ஸ் போய்விடும். என் பெண் ஷ்யாமளா சாப்பிடுவதையே விட்டாள். ஆள் பஞ்சத்தால் டாக்டர் தேதி வரும்வரை மாப்பிள்ளையைப் பறக்க விட்டார்கள். பத்திரிகை படித்தே விஞ்ஞானம் கற்றவன் நான், சும்மா இருப்பேனா? இருட்டில் போகிறவன் கையில் இரும்பு இருந்தால் காத்து கருப்பு அண்டாது. இரும்புக்கே அவ்வளவு சக்தி என்றால், அந்த இரும்பையே இழுக்கிற காந்தத்துக்கு எவ்வளவு இருக்கும்? தாராவியில் பழைய சாமான் விற்கும் ஷாகுல் ஹமீதிடம் போய், ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்றை எடுத்தேன்.

"இவ்வளவு பெருசு எதுக்கு சாமி?" என்றார்.

"பேய்க்கு."

"பேயி இரும்புலயா செஞ்சிருக்கு?"

விவரமில்லாதவரோடு வாதம் எதற்கு? மாப்பிள்ளை வழியில் கொறிக்க எடுத்துப்போகும் முறுக்கு டப்பாவின் அடியில், காகிதத்துக்குக் கீழே அதை வைத்தேன். தகர டப்பா, தானே பிடித்துக்கொண்டது. அவர் வழக்கம்போல டப்பாவைத் திசைகாட்டியின் அருகில் வைத்துக்கொண்டு பறந்தார். வெளிச்சம் வரவில்லை. இதைக் கவனிக்க எல்லோரும் மறுக்கிறார்கள். பம்பாயும் வரவில்லை என்பது வேறு விஷயம். கீழே கடலும் மீன்பிடிப் படகுகளுமாக இருக்கவே, சுதாரித்துத் திரும்பி வந்து பத்திரமாக இறக்கிவிட்டார்.

இன்ஜினியர் விமானத்தைக் குடைந்து பார்த்தும் ஒன்றும் அகப்படவில்லை. பாவம் என்று மாப்பிள்ளை அவருக்கு முறுக்கு நீட்டியிருக்கிறார். டப்பா போன பக்கமெல்லாம் முள் போயிற்று! கம்பெனியின் பெரிய அதிகாரி, ஒரு காலத்தில் தாமே விமானம் ஓட்டிய பார்ஸிக்காரர், விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, பச்சை வெளிச்சம் உட்பட எல்லாம் மாமனாரின் முறுக்கு செய்த வேலை என்று எழுதி, டாக்டர் பரிசோதனையை ரத்து செய்துவிட்டார். ஆனால் வெளிச்சம் வந்த அன்று டப்பாவில் வெறும் முறுக்குதானே! நியாயம் என்று ஒன்று வேண்டாமா? கம்பெனிக்கு எழுதப்போகிறேன் என்றேன்.

"மாமா, உங்களுக்குக் கோடி புண்ணியம். காந்தம் என்னிக்கு வாங்கினேள்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதேங்கோ" என்றார் மாப்பிள்ளை.

"என்னைப் பொய் சொல்லச் சொல்றேளா?"

"பொய் வேண்டாம். வாயைத் திறக்காம இருங்கோ, போறும்."

"அப்பாவா? அதுக்குப் பொய்யே சுலபம்!" என்றாள் உள்ளேயிருந்து ஷ்யாமளா.

வாக்குக் கொடுத்துவிட்டேன். இன்ஜினியருக்கும், ஷாகுல் ஹமீதுக்கும், முகம் தெரியாத அந்தப் படகுக்காரர்களுக்கும் நன்றி. என்னை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளாத பிள்ளையைப் பெற்றதற்குத் தங்களுக்கும் நன்றி. அவர் வேலையைக் காப்பாற்றியதற்குத் தாங்களும் எனக்கு நன்றி எழுதலாம். இந்தத் தடவை கவரில்.

சம்பந்தி மாமிக்கு நமஸ்காரம். குழந்தைகள் தீர்க்காயுசாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
பஞ்சாபகேசன்

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் அந்தப் பெரிய அதிகாரியே வீட்டுக்கு வந்துவிட்டார். காபி குடித்துக்கொண்டே, காந்தம் எப்போது வாங்கினீர்கள் என்று கேட்டார். கேட்ட பிறகு சொல்லாமலிருக்க என்னால் ஆகுமா? வெளிச்சத்துக்கு அப்புறம்தான் என்று சொல்லிவிட்டேன். மாப்பிள்ளை சுவரைப் பார்த்தபடி நின்றார். அதிகாரி தம்ளரைக் கீழே வைத்தார். எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, மாப்பிள்ளையிடம் இந்தியில் மெதுவாகக் கேட்டார்: "உனக்கு இடது பக்கமா வந்தது? எனக்கு வலது பக்கம்."