ஏழு குண்டுகளும் நான்கு கௌதாரிகளும்

உலகத்தில் உள்ள குடும்பங்களை இரண்டே வகையாகப் பிரித்துவிடலாம். துப்பாக்கி தூக்கி வேட்டையாடிய குடும்பங்கள், மற்றவை. பெரியவரின் குடும்பம் முதல் வகை. அத்தாட்சி கேட்பவர்கள் வரவேற்பறைச் சுவரைப் பார்க்கலாம். அங்கே பெரியவரின் தகப்பனார் தோளில் துப்பாக்கியும் முகத்தில் மீசையுமாகப் படத்தில் நிற்கிறார். பின்னால் மலை. அந்த மலையின் நடுவே துணியில் விழுவது போல ஒரு மடிப்பு இருப்பது உண்மைதான். மலை என்றால் மடிப்பு இருக்காதா?

தகப்பனார் காலத்தில் ஞாயிறுதோறும் கௌதாரி வரும். ஊறவைத்து, வயிற்றில் பருப்பும் உலர்ந்த திராட்சையும் அடைத்து, நூலால் கட்டி, சிறு தீயில் மூன்று மணி நேரம் வேகவைப்பார்கள். சாப்பிடும்போது யார் பல்லில் ஈயக்குண்டு படுகிறதோ அவர் எழுந்து நின்று அதை எடுத்துக் காட்ட வேண்டும். பறவையின் கால் அவருக்கு. இந்த மரியாதையைப் பெறும் முயற்சியில் பெரியவர் ஏழு வயதில் முன்பல்லில் பாதியை இழந்தார். அந்தப் பல்லை இன்றுவரை அவர் சரிசெய்துகொள்ளவில்லை. வீட்டுக்கு வருகிறவர்களுக்கு முதலில் படம் காட்டப்படும், அடுத்து பல்.

இப்படிப்பட்ட குடும்பத்தில் பேரன் பிறந்து மூன்று வாரமாகியும் பெயர் வைக்கப்படவில்லை. தம் தகப்பனார் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்றார் பெரியவர். தம் தகப்பனார் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்றார் மருமகளின் தந்தை. இவர் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருடம் பொருள்களைச் சோதித்துத் தள்ளுபடி செய்தவர். பழக்கம் விடவில்லை.

"வேட்டை வேட்டைன்னு எட்டு வருஷமா கேக்கறேன் சம்பந்தி. கதை வயித்துக்குள்ள இறங்க மாட்டேங்குது. ஒரே ஒரு தடவை அந்தக் கௌதாரியைச் சமைச்சுப் போடுங்க. உங்கப்பா பேரையே வச்சுடலாம்."

பெரியவர் அந்தச் சவாலை ஏற்றார். முழங்கால் மடங்காத காரணத்தால், வேட்டை குளிர்சாதனக் கடையில் நடைபெற்றது. இருபது நிமிடத்தில் நான்கு பண்ணைக் கௌதாரிகள் வீழ்ந்தன. அதில் பன்னிரண்டு நிமிடம் வரிசையில் நின்றது.

பெரியவர் பதிவேட்டுப் பிரிவில் தலைமை எழுத்தராக இருந்தவர் ஆகையால் அன்று மாலையே 'சுற்றறிக்கை' ஒன்று காந்தத்தால் ஃப்ரிட்ஜில் ஒட்டப்பட்டது. அதன்படி ஊறவைத்தல், அடைத்தல், கட்டுதல், வேகவைத்தல் ஆகிய சில்லறைப் பணிகள் மனைவிக்கு. 'சமையல்' பெரியவருக்கு.

"அப்ப நீங்க என்னதாங்க செய்வீங்க?" என்று மனைவி கேட்டாள்.

"பொறுப்பேத்துக்குவேன்."

அதோடு அவர் நிற்கவில்லை. ஞாயிறு காலை எல்லாரையும் சமையலறையிலிருந்து வெளியேற்றிக் கதவைச் சாத்தினார். தகப்பனாரின் பெட்டியிலிருந்து எடுத்த சிறு தகர டப்பாவைத் திறந்தார். உள்ளே எண்ணெய்த் துணியில் ஏழு சாம்பல் நிறக் குண்டுகள். அவர் சுடாமல் மிச்சம் வைத்துப் போனவை! பெரியவர் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் கௌதாரிகளின் மார்பில் அழுத்தினார். இதை மோசடி என்பவர்களுக்கு அலுவலக நடைமுறை தெரியாது. பறவை கடையில் வாங்கியது, குண்டு அசல். ஆக, பாதி உண்மை. பாதி உண்மைக்கு அவர் முப்பத்தைந்து வருடம் முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறார்.

மதியம் சம்பந்தி வந்தார். சாப்பிட்டார். முகம் மலர்ந்தது. மூன்றாவது வாயில், 'டக்'.

பெரியவர் துள்ளி எழுந்தார். முழங்கால் அந்த நேரத்துக்கு மட்டும் ஒத்துழைத்தது.

"குண்டு! எழுந்து நில்லுங்க சம்பந்தி! கால் உங்களுக்கு!"

சம்பந்தி எழவில்லை. குண்டை எடுத்துத் துடைத்தார். வெளிச்சத்தில் பார்த்தார். இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டினார். தட்டின் ஓரத்தில் ஓடவிட்டார். அது ஒரு சுற்று சுற்றி அழகாக வந்து நின்றது.

"ஃப்ரிட்ஜுல இருக்கற காந்தத்தை எடும்மா" என்றார் மகளிடம்.

"அது மாமாவோட சுற்றறிக்கைப்பா. எடுத்தா விழுந்துடும்."

"விழட்டும்."

சுற்றறிக்கை விழுந்தது. காந்தத்தை அருகில் கொண்டுவந்ததும் குண்டு தாவி ஒட்டிக்கொண்டது.

"ஈயம் காந்தத்துல ஒட்டாது சம்பந்தி. இது எஃகு. சைக்கிள் சக்கரத்துக்குள்ள போடற குண்டு. முப்பது வருஷம் இதைத்தான் உருட்டி உருட்டிப் பாத்தேன்." அவர் இன்னொரு வாய் எடுத்துக்கொண்டார். "உங்க கௌதாரி பறந்து வரல. சைக்கிள் மிதிச்சு வந்திருக்கு."

"அபாண்டம்! இது எங்கப்பா டப்பாவுல இருந்தது! நானே என் கையால..."

சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே கேட்டுவிட்டது. மருமகள் காந்தத்தை எடுத்து ஒவ்வொரு தட்டின் மேலும் காட்ட ஆரம்பித்தாள்.

"உங்கம்மா ஒரு தடவை சொன்னாங்க" என்றாள் மனைவி, குழம்பை ஊற்றிக்கொண்டே. "உங்கப்பா 'சுட்டுட்டு' வர்ற கௌதாரிக்கெல்லாம் சந்தையில கால் கட்டின தழும்பு இருக்குமாம்."

"இத்தனை வருஷமா ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"நீங்க எங்க கேட்டீங்க? சொல்லிக்கிட்டேல்ல இருந்தீங்க."

பெரியவர் உட்கார்ந்தார். அவரது நாக்கு தானாக அரைப் பல்லைத் தேடிப் போனது. சுவரில் மலை, மடிப்போடு நின்றது.

"வாக்குன்னா வாக்குதான்" என்றார் சம்பந்தி. "சமைச்சுப் போட்டீங்க, சாப்பிட்டேன். பிரமாதம். பிள்ளைக்கு உங்கப்பா பேரே இருக்கட்டும்."

பெரியவர் தட்டைத் தள்ளிவைத்தார். பிறகு முதுகை நிமிர்த்திக் கேட்டார்: "உங்கப்பா தன்னைப் பத்தி என்ன சொல்லுவார்?"

"அவரா? ஒண்ணும் சொன்னதில்லை."

"அப்ப அவர் பேரையே வைங்க."

ஆயினும் வேட்டைக் குடும்பம் என்ற பெருமைக்கு இதனால் எள்ளளவும் குறைவில்லை. அந்த வீட்டுக் குண்டு ஒருமுறைகூட ஒரு பறவையைக் கொன்றதில்லை என்பது மெய். ஆனால் குறி தவறியதும் இல்லை. சுவரில் நிற்கும் மாவீரர் கட்டைவிரலால் வைத்த குண்டு, வைத்த இடத்திலிருந்து நேராகத் தம் ஏழு வயது மகனின் பல்லில் பட்டது.