மண் கொட்டுகிற பிள்ளைகள்

அன்புள்ள இசைப்பிரியா அக்காவுக்கு சரிதா எழுதுவது. இந்நேரத்தில் மெயில் அனுப்புவதற்கு மன்னித்துவிடு; இவர் சுரங்கத்தில் செகண்ட் ஷிப்ட் முடிந்து வந்து இப்போதுதான் படுத்தார். இங்கே குவார்ட்டர்ஸில் முருங்கை மரம் உட்பட எல்லோரும் சௌக்கியம்.

நம் தமிழ்நிலா படிக்கும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. மந்தாரக்குப்பத்திலிருந்து வரும் இளம்பரிதிக்கு ஆண்டு விழாவில் பாடும்போது குரல் உடைந்துவிட்டது. அந்த வீடியோவில் ஆடு கத்துகிற சத்தத்தைச் சேர்த்து எவனோ இன்று சாயங்காலம் குரூப்பில் போட்டுவிட்டான். சிரிக்கிற பொம்மை முகங்களாக வந்து விழுகின்றன. 'இனிமே ஸ்கூலுக்கு வரல' என்று அந்தப் பையன் எழுதினான், அதற்கும் ஓர் ஆட்டுச் சத்தம். நம் பெண் என்ன செய்யப் போகிறாள் என்று எனக்கு ஒரே ஆவல், தோசை கருகுவதுகூடத் தெரியாமல் அவள் தோளுக்குப் பின்னால் நிற்கிறேன். அவள் சிரிக்கவும் இல்லை, தட்டிக் கேட்கவும் இல்லை. அறிவியல் நோட்டைப் படம் பிடித்து வரிசையாக அனுப்ப ஆரம்பித்தாள்! அவளோடு படிக்கும் பக்கத்து பிளாக் நெடுமாறன் தன் பங்குக்கு மின்விசிறி, செருப்பு, தூங்குகிற நாய் என்று அனுப்புகிறான். எனக்கு வந்ததே கோபம். "ஏண்டி, ஒரு புள்ள அழுவுது, நீ ஒளிச்சேர்க்கை அனுப்பறியா?" என்று போனைப் பிடுங்கி, பீரோவில் வைத்துப் பூட்டி, மனிதாபிமானம் பற்றி மூச்சு விடாமல் பேசினேன். "ஐயோ அம்மா, பாதியில கெடுத்துட்டியே" என்று அவள்தான் அழுதாள்.

இவர் கேட்டுவிட்டுச் சிரிக்கிறார். "மண்ணு கொட்டிக்கினு இருந்திருக்குதுங்கடி. மைன்ஸ்ல மேல்மண்ண அள்ளி பழைய குழியில கொட்டி மூடறோம்ல, அதான். வீடியோ அடியில போயிடும், எவன் தோண்டப் போறான்?"

நிலாவோ, "நேரா கேட்டா அடுத்த ஆடு நான்தாம்மா" என்கிறாள்.

இது தைரியமா, பயமா அக்கா? நீ காலேஜ் பிள்ளைகளோடு பழகுகிறவள், சொல். நான் எம்.எஸ்சி. படித்தும் புரியவில்லை. எதற்கும் நாளைக்கு ஸ்கூலுக்குப் போய் டீச்சரை ஒரு பிடி பிடிக்கப் போகிறேன். நிலாவுக்கு ஒரு வாரம் போன் கிடையாது.

மாமாவுக்கு என் வணக்கம். குட்டிகள் சளி இருமல் இல்லாமல் வளரட்டும்.

தங்கை,
சரிதா

பி.கு.: மேலே சொன்னதெல்லாம் ரத்து. பீரோவைத் திறந்து போனைப் பார்த்தால், நிலா அனுப்புவது நின்றதும் நெடுமாறனும் நிறுத்திவிட்டிருக்க, வீடியோ பாதி மூடின குழி மாதிரி கிடந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. அவள் போனிலிருந்து நானே வரலாற்றுப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படம் பிடித்து அனுப்பினேன். ஐரோப்பியர் வந்து இறங்கி, பிளாசிப் போர் முடியும்போது இளம்பரிதி தனியாக எழுதினான்: "ஆன்டி, நிலா இவ்ளோ நேரா போட்டோ எடுக்கமாட்டா. வீடியோ ரொம்ப ஆழத்துக்குப் போயிடுச்சு. நாளைக்கு வரேன். நீங்க தூங்குங்க." ஆனால் விடிந்ததும் எவனாவது தோண்டினால்? புத்தகம் இன்னும் பாதி இருக்கிறது. அனுப்பட்டுமா, நிறுத்தட்டுமா? சீக்கிரம் பதில் போடு.