தரைதான் கோணல்

"மன்னிச்சிட்டேன் சம்பந்தி!" என்று தொலைபேசியில் பெருந்தன்மையாகச் சிரித்தார் சம்பந்தி.

பீரோக் கடை முதலாளிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எதுக்கு?"

"என்ன இப்படிக் கேக்கறீங்க? பீரோக் கதவு மூடலைன்னு உங்க கடை சாட்பாட்டுக்கு எழுதினேன். 'குடும்பத்தோடு மன்னிப்புக் கேட்கிறோம்'னு பதில் வந்திருக்கே! ஞாயித்துக்கிழமை வரும்போது ஃப்ரேம் போட்டு எடுத்துட்டு வர்றேன்."

முதலாளியின் முதுகு நாற்காலியை விட்டு நிமிர்ந்தது. மூன்று தலைமுறையாக இரும்பு பீரோ விற்கும் குடும்பம். கதவு மூடவில்லை என்று யார் வந்து நின்றாலும், "பீரோ நேராத்தான் இருக்கு. உங்க வீட்டுத் தரைதான் கோணல்" என்பதே கடையின் பதில். முகம் சிவந்து போனவர்கள் அடுத்த பீரோவுக்கும் இங்கேதான் வந்தார்கள். நிமிர்ந்து நிற்பவனிடம்தான் ஊர் பொருள் வாங்கும் என்பது அவர் கண்ட உண்மை.

வாடிக்கையாளருக்குப் பதில் சொல்ல அந்த சாட்பாட்டை வைத்துவிட்டு மகன் வெளியூர் போயிருந்தான். அது எப்படிப் பேச வேண்டும் என்று எழுதிவைக்க ஓர் அறிவுரைப் பக்கம் உண்டு. முதலாளி அதைத் திறந்து, ஒற்றை விரலால் தட்டினார்: "மன்னிப்புக் கேட்காதே. எங்கள் குடும்பத்தில் யாரும் கேட்டதில்லை."

மறுநாள் ஒரு தலைமை ஆசிரியைக்குப் பதில் போயிருந்தது: "எங்கள் குடும்பத்தில் யாரும் மன்னிப்புக் கேட்டதில்லை. முதல் மன்னிப்பு உங்களுக்கே."

"என் வார்த்தையை வெச்சே என்னைக் கவுக்குது பாரு!"

"கொழுப்புதாங்க அதுக்கு," என்றாள், சாவிகளுக்கு எண் அட்டை கட்டிக்கொண்டிருந்த மனைவி.

அதை அழித்துவிட்டு, "தரைதான் கோணல் என்று சொல்" என்று எழுதினார்.

அடுத்த நாள் ஒரு டாக்டருக்கு: "தரை கோணல் என்று எங்கள் முதலாளி சொன்னால் மனதில் வைக்காதீர்கள். எல்லாரிடமும் அதைத்தான் சொல்வார். ஃபிட்டர் நாளை வருவார்."

சம்பந்தி மறுபடி அழைத்தார். குரலில் வருத்தம். "டாக்டருக்கும் வந்துச்சாமே? எனக்கு மட்டும்தான்னு நினைச்சேன்!"

சனிக்கிழமை, சாட்பாட்டை அமைத்துத் தந்த மென்பொருள்காரப் பெண் வந்தாள். முதலாளி ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார்.

"இது தன்னோட கோடிங்கைத் தானே மாத்தி எழுதிக்கிட்டுக் கத்துக்குது. மன்னிப்புக் கேட்டதெல்லாம் மெஷின்தான், குடும்பம் இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போடும்மா. நாளைக்கு சம்பந்தி மூஞ்சில காட்டணும்."

"ஆமா, காட்டணும்," என்றாள் மனைவி.

"அப்படி எழுத முடியாது சார். கோடிங்கைத் தொட இதுக்கு அனுமதியே கிடையாது. இங்கே இதை அமைச்சிருக்கற விதத்துல நேத்துப் பேசினதுகூட இன்னைக்கு ஞாபகம் இருக்காது. அறிவுரைப் பக்கத்தைப் படிச்சிட்டு அதன்படி பேசும், அவ்வளவுதான்."

"அறிவுரை எழுதினது நான்தானேம்மா!"

அவள் திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். "கோடிங்ல ஒரு எழுத்துகூட மாறலை. ஆனா அந்தப் பக்கம் தினமும் மாறியிருக்கு. காலைல நீங்க எழுதறீங்க. மத்தியானம் மூணு மணிக்கு யாரோ திருத்தறாங்க. இதே கம்ப்யூட்டர்லதான்."

"மூணு மணிக்கா? அப்ப நான் உள்ளே தூங்கிட்டிருப்பேனே!"

சாவிக்கொத்தின் கிணுகிணுப்பு சட்டென்று நின்றது. திருகாணிப் பெட்டியை எடுக்க வந்த ஃபிட்டர், கடையில் முப்பது வருடம் தேய்ந்தவர், மனைவியை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"முன்னெல்லாம் அம்மா அந்த நேரத்துலதான் ஒவ்வொருத்தருக்கா போன் போட்டு மன்னிப்புக் கேப்பாங்க முதலாளி. பின்ன, உங்ககிட்ட திட்டு வாங்கிட்டுப் போனவங்க எல்லாம் எதுக்குத் திரும்பி வந்தாங்கன்னு நினைச்சீங்க?"