மாமனுடைய கால் மடங்கிய வரலாறு

சிங்காநல்லூர்,
26-8-1996

ஃபிசியோதெரபி மூன்றாம் ஆண்டு படிக்கும் என் தங்கை மகள் செல்வி பிரீத்திகாவுக்கு,

மாமன் வேங்கடசாமியின் அநேக ஆசீர்வாதம். இங்கே யாவரும் நலம், முக்கியமாக என் வலது கால் நலம். பரீட்சையால் நீ என் மகள் கல்யாணத்துக்கு வர முடியாதது குறைதான். ஆனால் உன்னால்தான் நான் மணையில் உட்கார்ந்தேன் என்பதை மண்டபத்திலிருந்தே எழுதுகிறேன்.

எலும்பு முறிவுக்குப் போட்ட மாவுக்கட்டைப் பிரித்தபோது கால் உலக்கை மாதிரி நீட்டிக்கொண்டிருந்ததே, நினைவிருக்கிறதா? சம்மணமிட முடியாதவன் எப்படி மகளைத் தாரை வார்ப்பது என்று நான் அழ, என் தம்பி திருமலைசாமி எனக்குப் பதில் தானே உட்காருவதாகச் சொல்லிப் பட்டுவேட்டியும் எடுத்துவிட்டான். நீதான் தொடையைத் தொட்டுப் பார்த்து, தசைக்குள் ஒவ்வொரு நாரையும் சுற்றி மெல்லிய உறை இருக்கிறது, மூன்று மாதம் மடக்காததில் அது இறுகிவிட்டது என்றாய். "வெடுக்குனு இழுத்தா முறைச்சுக்குமுங்க மாமா. மெதுவா இழுத்துப் புடிச்சு முப்பது எண்ணுங்க, தானா இளகிக் குடுக்கும்" என்றாய். முப்பது வருஷம் மில்லில் பெல்ட் இழுத்து மாட்டியவனுக்கு இந்தப் பெண் சொல்லித்தருவதா என்று, அன்றே கட்டிலில் குப்புறப் படுத்துக் கணுக்காலில் கயிறு கட்டி, மறுமுனையை உன் அத்தை பங்காரம்மாவிடம் கொடுத்து, தலைமாட்டில் நின்று ஒரே இழுப்பு இழுக்கச் சொன்னேன். கால் மடங்கவில்லை, கட்டிலோடு நான்தான் வாசல்வரை போனேன். தொடை வீங்கி ஒரு வாரம் வீணாயிற்று.

அப்புறம்தான் உன் வழிக்கு வந்தேன். மெதுவாக இழுத்தால் கால் முதலில் சுலபமாக மடங்கி வரும், பிறகு இறுகும், அங்கேயே பிடித்துப் பொறுத்திருந்தால் ஒரு விரற்கடை விட்டுக்கொடுக்கும். எண்ணுவது உன் அத்தை. டி.வி.யில் நாடகம் ஓடினால் பதினேழோடு நின்றுவிடுவாள், மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கவேண்டும். அப்படியே இரண்டு மாதம்.

இன்று காலை சம்மணமிட்டு உட்கார்ந்தேன், கண்ணு. மகளின் கையை மாப்பிள்ளை கையில் வைத்து நானே தண்ணீர் வார்த்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. திருமலைசாமிக்கும் கலங்கியது, அது பட்டுவேட்டிக்காக. உனக்கு நான் பட்ட நன்றிக்கடன் இந்த ஜென்மத்தில் தீராது.

பரீட்சை நன்றாக எழுதி, ஊரிலுள்ள கால்களையெல்லாம் மடக்கி நீ நீடூழி வாழவேண்டும்.

இப்படிக்கு,
சம்மணமிட்டபடியே வாழ்த்தும்,
வேங்கடசாமி

பி.கு.: நீ உட்காரத்தான் வழி சொன்னாய், எழ வழி சொல்லவில்லை. முகூர்த்தம் முடிந்து மூன்று மணி நேரமாகிறது, சாயங்காலக் கல்யாணத்துக்காரர்கள் வந்து மேடையைக் கேட்கிறார்கள். கடிதம் கொண்டுவருவது புது மாப்பிள்ளைதான். பரீட்சை முடிந்த கையோடு அவர் ஸ்கூட்டரிலேயே ஏறி வா. திருமலைசாமி கயிறோடு நிற்கிறான்.