கூழைக்கடாவுக்கு முன்னால் கொஞ்சம் இடம்

பறக்கும் பறவையைப் படமெடுத்தால் அதன் அலகுக்கு முன்னால் கொஞ்சம் வெற்றிடம் விட வேண்டும். பறவை போவதற்கு இடம் வேண்டாமா? எடுக்கும்போது மறந்துவிட்டால் பிறகு கணினியில் நான்கு பக்கமும் வெட்டிச் சரிசெய்துகொள்ளலாம்.

இந்தச் சாஸ்திரத்தை எனக்குக் கற்பித்தவர் பக்கத்து ஃபிளாட் சஞ்சய். வாரமெல்லாம் ஐடி மேலாளர். ஞாயிறு காலை ராணுவ வீரர். எங்கள் வைட்ஃபீல்ட் குடியிருப்புக்குப் பின்னால் உள்ள ஏரிக்கரையில், புதர் நிறச் சட்டை போட்டு, கைக்குழந்தை அளவு லென்ஸைத் தாங்கிக்கொண்டு நிற்பார். பறவை தன்னைப் பார்த்துவிடக் கூடாதாம். மற்ற எல்லோரும் பார்க்கலாம்.

அவருக்கும் அவருடைய கேமராப் படைக்கும் இட்லி போடுபவர் பவுலின் அக்கா. அவர் தள்ளுவண்டிக்கு நேர் எதிரே ஒரு பெரிய குழாய் ஏரிக்குள் கறுப்பாகக் கொட்டிக்கொண்டே இருக்கும். வருவது எங்கள் குடியிருப்பின் கழிவுதான். அதைச் சொல்ல எங்கள் சங்கத்தில் யாருக்கும் நேரமில்லை.

"சாம்பார் வாசனைய அந்த நாத்தம் முழுங்கிடுது மகா. பாதிப் பேர் மூக்கப் புடிச்சிக்கினு ஓடுறான். இப்படியே போனா வண்டிய மூட வேண்டியதுதான். நீ படிச்ச பொண்ணு, வாய் வேற இருக்கு. எழுதிப் போடேன்" என்றார் அக்கா.

வாயைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். புகாருக்குப் படம் கட்டாயம் என்றார்கள். எடுத்தேன். மேலே சிறகு விரித்த கூழைக்கடா, கீழே நுரை கக்கும் குழாய். இதற்குமேல் வாதாட ஒன்றுமில்லை என்று நினைத்து, ஏரி அழகு மேம்பாட்டுப் பிரிவுக்குக் கொண்டுபோனேன்.

கன்னடம் கலந்த தமிழ் பேசும் அதிகாரி நாகேஷ் படத்தைத் திரையில் திறந்து, தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"பெலிகன் சூப்பர் மேடம். ஃப்ரேமிங்தான் சரியில்ல."

"சார், கீழே குழாயைப் பாருங்க."

"அதேதான். கண்ணு அங்க போகுது. போகக் கூடாது."

"போகணும்னுதான் எடுத்தேன்!"

"நோடி, இங்க பாருங்க மேடம், நானும் சண்டேல போட்டோ எடுக்கிறவன்தான்." மவுஸை இழுத்தார். குழாய் போயிற்று. நுரை போயிற்று. ஏரியே போயிற்று. நீல வானமும் கூழைக்கடாவும் மட்டும் மிஞ்சின. "ஈக நோடி. முன்னால எவ்வளவு இடம்! ஆராமா பறக்குது."

"முன்னால சரி. அது கீழே இறங்க வேண்டாமா?"

"இறங்குறது வேற செக்‌ஷன் மேடம்."

பத்து நாளில் பதில் வந்தது: 'தாங்கள் இணைத்துள்ள புகைப்படம் கூர்ந்து ஆராயப்பட்டதில் குழாய் எதுவும் காணப்படவில்லை. எனவே புகார் இனிதே முடித்துவைக்கப்படுகிறது. மேற்படி புகைப்படம் ஏரி விழாப் போட்டியில் முதல் பரிசுக்குத் தேர்வாகியுள்ளதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.'

ஓடினேன்.

"அது நீங்க வெட்டின படம் சார்!"

"ஹவுது, ஆமா மேடம். ஃபைல்ல இருக்கிறது அதுதான். ஃபைல்ல இல்லாத குழாயை அடைக்க ஆள் அனுப்பினா, எந்தக் குழாய்னு ஆடிட்ல கேக்க மாட்டாங்களா?"

டீ வந்து, ஆறி, இன்னொரு டீ வரும்வரை வாதாடினேன். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தேன். பரிசை வாங்குவது, மேடையிலேயே உண்மையைப் போட்டு உடைப்பது, சாட்சிக்குப் பவுலின் அக்கா.

விழா ஏரிக்கரையில் நடந்தது. என் கூழைக்கடாவை இரண்டு ஆள் உயரப் பலகையில் அச்சடித்துக் குழாய்க்கு முன்னால் நிறுத்தியிருந்தார்கள். பின்னாலிருந்து சளசளவென்று சத்தம். 'அருவி எஃபெக்ட்' என்றார் சஞ்சய். அக்காவின் வண்டியைக் காணோம். பலகைக்கு முன் செல்ஃபி எடுத்தால் வண்டி குறுக்கே விழுகிறதாம்; முந்தின நாளே அப்புறப்படுத்தியாயிற்று.

"குழாய மூடச் சொன்னா என் கடைய மூடிட்டானுங்க. நல்லா எழுதிப் போட்டம்மா நீ!" என்றார் அக்கா.

அவர் கையைப் பிடித்து மேடைக்கு இழுத்துப் போனேன். மைக் தரவில்லை, பரிசு பெறுபவர் பேசுவதாக நிகழ்ச்சி நிரலில் இல்லையாம். அக்கா என் தோளில் கை வைத்து, "கத்துடி" என்றார். கத்தினேன். "குழாயை மூடுங்க! இவங்க வண்டியைத் திருப்பிக் கொடுங்க!" கீழே கேமராவோடு நின்ற நாகேஷ், "ஹாகே இரி மேடம், அப்படியே இருங்க, சூப்பர்!" என்றார்.

மாலையில் படம் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தது. கையில் சான்றிதழ், தலைக்கு மேல் கூழைக்கடா. கத்தத் திறந்த என் வாய், பூரித்துச் சிரிப்பதுபோல் விழுந்திருந்தது. அக்கா படத்தில் இல்லை. என் தோள்மேல் ஒரு கை மட்டும் இருந்தது, மணிக்கட்டு வரைக்கும்.

இதயங்கள் குவிந்தன. யாருடைய கை என்று ஒருவரும் கேட்கவில்லை. சஞ்சய் மட்டும் எழுதியிருந்தார்: "கங்கிராட்ஸ் மகா! அந்தக் கையையும் எடுத்துட்டா ஃப்ரேம் க்ளீனாயிடும்."

கொதித்துப்போய் அவருக்கு நீளமாக ஒரு பதில் எழுத ஆரம்பித்தேன். எழுதி முடிப்பதற்கு முன், மனுஷன் எவ்வளவு அபத்தமாகப் பேசுகிறார் என்று நிரூபிக்க, சும்மா வெட்டிப் பார்த்தேன். கையோடு என் தோளும் கொஞ்சம் போயிற்று.

சொல்லக் கூடாது, படம் நன்றாகத்தான் இருந்தது. எனக்கு முன்னால் நிறைய இடம் கிடைத்திருந்தது.