சக்கரம் வைத்த மறைவிடம்

ஒளிந்துகொள்ள இடம் தேடுகிறவர்கள், அந்த இடத்துக்குச் சக்கரம் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட வேண்டும். எந்தப் பயிற்சியிலும் இதைச் சொல்லித்தருவதில்லை. நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

கல்லூரியில் தேசிய மாணவர் படையின் மாணவிகள் பிரிவில் இருந்தேன். பட்டாளத்துக்குத்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நின்றதில், கோழிப்பண்ணை வைத்திருக்கும் அப்பா ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார். "இந்தக் கேம்ப்புல பாஸ் பண்ணுனா உன்ற இஷ்டம் சாமி. இல்லீன்னா பேங்க் பரீட்சைக்குப் படிக்கோணும்." (வட்டிக் கணக்கு என்றாலே எனக்குக் காய்ச்சல் வரும்.)

கடைசிச் சோதனை திருச்செங்கோட்டை ஒட்டிய ஒரு தெருவில். எதிரிகளாக நடிக்கும் மாணவிகள் அங்கங்கே ஒளிந்திருப்பார்கள். எங்கள் குழு சுவரோரமாக நகர வேண்டும். நான் ஸ்கவுட். முன்னால் போய், எதிரி எங்கே என்று பார்த்து, திரும்பி வந்து, பயிற்சி தரும் ஹவில்தாரிடம் சொல்ல வேண்டும். வாய் திறக்கக் கூடாது, எல்லாம் கைச்சைகைதான்.

மூலைக்கு மூலை தலையைத் தரையோடு வைத்து எட்டிப் பார்த்தபடி முன்னேறினேன். (ஒரு நாய் முகத்தை நக்கியது. நான் அசையவில்லையே!) தெருமுனையில் போர்வெல் வண்டியும், குழாய் ஏற்றிய லாரியும் நின்றன. உயரத்திலிருந்து பார்ப்பதே உத்தமம் என்று படித்திருந்தேன். கட்டைத் துப்பாக்கியோடு லாரியில் ஏறி, குழாய்களின் மேல் படுத்துவிட்டேன். அடடா, எதிரிகள் அத்தனை பேரும் தெரிந்தார்கள்.

கற்பூர வாசனை வந்தது. பூசணிக்காய் உடைந்தது. ஆழ்குழாய்க் கிணறு போட வண்டி வடநாட்டுக்குக் கிளம்புகிற பூஜை என்று எங்கள் பக்கத்துக் கைக்குழந்தைக்கும் தெரியும். நான்தான் போர்முனையில் இருந்தேனே! டயருக்கடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியது, லாரி நகர்ந்தது.

கத்தியிருக்கலாம். ஸ்கவுட் கத்தலாமா? எழுந்து உட்கார்ந்து, என் குழுவைப் பார்த்து முஷ்டியை உயர்த்தினேன். 'நிறுத்து' என்ற சைகை. லாரியை நிறுத்துங்கடி என்பது என் வேண்டுகோள். அவர்கள் பயிற்சியில் படுகெட்டி. அத்தனை பேரும் அப்படியே உறைந்து நின்று, நான் கண்ணுக்கு மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு நான் கத்தியது, குழாய்ச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை.

மல்லசமுத்திரத்தில் டீக்கு நிறுத்திய டிரைவர், கயிற்றைப் பார்க்க வந்து என்னைப் பார்த்தார். "ஏனுங்க அம்மிணி, நீங்களும் சத்தீஸ்கர் வாரீங்களா?"

மனப்பாடமாக எனக்குத் தெரிந்தது அப்பாவின் எண் ஒன்றுதான். அவருக்கே போன் போட்டார் டிரைவர்.

அப்பா முட்டை வேனில் வந்தார். அவரைக் கண்டதும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "எல்லாத்தையும் பாத்தனுங்கப்பா! தறிக்கூடத்து ஜன்னல்ல ரெண்டு பேரு, தண்ணித்தொட்டி மேல ஒருத்தி, கறிக்கடைப் படுதாவுக்குப் பின்னால மூணு பேரு..." வேனில் ஏறியும் அழுதுகொண்டே ஒப்பித்தேன். அப்பா கேட்டுக்கொண்டே ஓட்டினார். எங்கள் ஊருக்குப் பிரியும் பாதையில் வேகம் குறைந்தது. முடிந்தது, இனி வட்டிக் கணக்குதான் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"இத்தனையும் பாத்துப்போட்டு ஊட்டுக்குப் போனா எப்புடி சாமி? போய்ச் சொல்லோணுமில்ல?" என்று அப்பா நேராகக் கேம்ப்புக்கு ஓட்டினார்.

என்னைத் தேடிக் களைத்திருந்த ஹவில்தார் திட்டித் தீர்த்தார். பிறகு எதிரிகள் எங்கே என்று கேட்டார். நான் சொன்னது ஒன்றுகூடத் தப்பவில்லை. "பார்த்தே, திரும்பி வந்தே, சொன்னே. எதுல வரணும்னு புஸ்தகத்துல இல்ல" என்று பாஸ் போட்டார்.

இப்போது பட்டாளத்தில் கேப்டனாக இருக்கிறேன். லீவு முடிந்து கிளம்பும்போதெல்லாம் அம்மா வாசலில் கற்பூரம் ஏற்றுவார். அப்பா என் பெட்டியின் சக்கரங்களுக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, முஷ்டியை உயர்த்துவார். நான் தெருமுனை திரும்பும்வரை குடும்பமே உறைந்து நிற்கும்.