அடி அண்ணாமலையில் நான் சாமியாராக இருந்த கதை

எங்கள் ஊரில் தாடி வைத்தவன் எவனும் மரத்தடியில் ரொம்ப நேரம் சும்மா உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் யாராவது வந்து விபூதி கேட்பார்கள். கிரிவலப் பாதையிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாமல் இல்லை. தெரிந்தும் உட்கார்ந்தேன். அதுவும் காவி கட்டிக்கொண்டு. அதுவும் ஒரு பள்ளிக்கூடத்துக்குள். அதுவும், சொன்னால் நம்ப மாட்டீர்கள், அறிவியலை வளர்ப்பதற்காக.

என் பெயர் ஏழுமலை. அடி அண்ணாமலையில் பள்ளிக்கூடத்துக்கு எதிரே பஞ்சர் கடை வைத்திருக்கிறேன். படிப்பு பத்தாவது. சுபாவம் கூச்சம். நாலு பேர் ஒன்றாக என்னைப் பார்த்தால் எனக்கு என் பெயரே மறந்துபோகும். (கல்யாணத்தில் மாலை மாற்றச் சொன்னபோது பதற்றத்தில் பக்கத்தில் நின்ற மச்சான் கழுத்தில் போடப் போனவன் நான். வீடியோவில் இருக்கிறது.)

என் மகள் காவ்யா அப்போது எதிர்ப் பள்ளியில் எட்டாவது படித்தாள். அங்கே அறிவியலுக்குப் புதிதாக வந்த கலைச்செல்வி டீச்சர் ஒரு அறிவியல் மன்றம் ஆரம்பித்திருந்தார். "யார் எதச் சொன்னாலும், நானே சொன்னாலும், எப்படித் தெரியும்னு கேளுங்க" என்பதுதான் மன்றத்தின் ஒரே விதி. பிள்ளைகள் அதை வீடு வரைக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். என் மனைவி மல்லிகா காவ்யாவுக்குத் திருஷ்டி சுற்றி, மிளகாயை அடுப்பில் போட்டுவிட்டு, "பாரு, நெடியே வரல, எவ்ளோ கண்ணு பட்டிருக்கு" என்றாள். "கண்ணு படாத மிளகாயையும் ஒரு தடவ போட்டுப் பார்த்தாத்தானேம்மா தெரியும்?" என்றாள் மகள். அதற்கு மல்லிகாவிடம் கரண்டிதான் பதிலாக இருந்தது.

தலைமையாசிரியருக்கு மன்றம் என்றாலே ஆகாது. கோயில் ஊர், எவன் எதைக் கிளப்புவானோ என்று பயம். "ஒரு சின்ன கலாட்டா ஆனாலும் மன்றத்த மூடிடுவேன்" என்று டீச்சரிடம் தெளிவாகச் சொல்லியிருந்தார். டீச்சரும், "நாங்க சாமிய ஒண்ணும் கேக்கலங்க சார். சாமியாருங்களத்தான் கேக்கப் போறோம்" என்று சொல்லி அனுமதி வாங்கியிருந்தார்.

அந்தச் சாமியாராகத்தான் என்னைக் கூப்பிட்டார்.

திருப்பதிக்கு வேண்டிக்கொண்டு நாலு மாதமாக நான் முடியும் தாடியும் வளர்த்துக்கொண்டிருந்தேன். டீச்சர் தன் ஸ்கூட்டிக்குக் காற்று பிடிக்க வந்தவர், என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அண்ணா, நீங்க ஒரு உதவி செய்யணும். மௌன சாமியாரா உக்காரணும். ஒரு வார்த்த பேச வேணாம்."

பேச வேண்டாம் என்றதும் சரி என்று தலையாட்டிவிட்டேன். என் வாழ்க்கையில் வந்த பெரிய பிரச்சினைகள் எல்லாம் இப்படித் தலையாட்டியதில் வந்தவைதான்.

திட்டம் இதுதான். என் உள்ளங்கையில் சுண்ணாம்புத் தண்ணீர் தடவிக் காயவிட வேண்டும். பிள்ளைகள் கையில் ஈர மஞ்சள் பூசிக்கொண்டு வருவார்கள். நான் கையைப் பிடித்துத் தேய்த்தால் மஞ்சள் ரத்தச் சிவப்பாகும். எலுமிச்சம்பழம் பிழிந்தால் மறுபடி மஞ்சளாகும். எந்தப் பிள்ளை "உங்க கைய காட்டுங்க" என்று முதலில் கேட்கிறது என்று டீச்சர் பார்ப்பார். கேட்டதும் நான் தலைப்பாகையைக் கழற்றி, "நான் சாமியார் இல்லை. எதிர்க் கடை ஏழுமலை. கையில் இருந்தது சுண்ணாம்பு. யார் தடவினாலும் சிவக்கும்" என்று சொல்ல வேண்டும். (பேச வேண்டாம் என்றவர், நான் ஒப்புக்கொண்ட பிறகுதான் இதைச் சொன்னார்.) ஒரு டிராக்டர் டியூபை எதிரே மாட்டி வைத்து, அதைப் பார்த்துப் பேசிப் பழகினேன். டியூப் முன்னால் நன்றாகவே வந்தது.

டீச்சர் குறித்த நாள் வெள்ளிக்கிழமை. அன்று பௌர்ணமி. மதியத்திலிருந்தே கிரிவலக் கூட்டம் நடக்க ஆரம்பித்துவிடும் என்று எனக்குத் தெரியும். டீச்சர் போளூர்க்காரர், ராத்திரிதான் ஜாஸ்தி இருக்கும் என்று நினைத்துவிட்டார் போல. சொல்லியிருக்கலாம். ஆனால் படித்தவர்கள், இதுகூட விசாரித்திருக்க மாட்டார்களா என்று விட்டுவிட்டேன். "எப்படித் தெரியும்" என்று கேட்கச் சொல்லிக்கொடுக்கும் நிகழ்ச்சியில் எதையும் கேட்காமல் இருந்த முதல் ஆள் நான்தான்.

பள்ளி மைதானத்து வேப்பமரத்தடியில் மான் தோல் மாதிரி அச்சடித்த போர்வை மேல், தலைப்பாகையும் முகம் முழுக்க விபூதியுமாக உட்கார்ந்தேன். காவ்யாவைத் தவிர எந்தப் பிள்ளைக்கும் என்னை அடையாளம் தெரியவில்லை. பக்கத்தில் எலுமிச்சம்பழத் தட்டு. பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். முதல் கை சிவந்தது. "ஏய்ய்ய்!" என்று சத்தம். இரண்டாவது கை சிவந்தது. இன்னும் பெரிய சத்தம். அந்தச் சத்தம் கேட்டுத்தான் ரோட்டில் போனவர்கள் நின்றார்கள். வாட்ச்மேன் டீ குடிக்கப் போயிருந்தார். கேட் திறந்திருந்தது.

முதலில் ஒரு அம்மா உள்ளே வந்தார். நல்ல உருவம், அதைவிட நல்ல குரல். "இங்க ஒரு மௌன சாமி இருக்காருடி, வாங்கடி!" என்று பின்னால் திரும்பிக் கத்தினார். அவ்வளவுதான். ஒரு வேன் ஆட்கள் முழுக்க உள்ளே வந்துவிட்டார்கள்; பின்னாலேயே ரோட்டில் போனவர்களும்.

டீச்சர் ஓடி வந்தார். "அம்மா, இது ஸ்கூல் நிகழ்ச்சிம்மா. இவரு சாமியார் இல்ல. கைல இருக்கறது சுண்ணாம்பு."

"சுண்ணாம்பு எங்க வூட்லயும்தான் கீது. செவக்குதா? நீ செத்த சும்மா இரும்மா, சாமி தியானத்துல இருக்காரு."

நான் தியானத்தில் இல்லை. பயத்தில் விறைத்துப்போயிருந்தேன். இரண்டும் வெளியே பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும் போல.

டீச்சர் என்னைப் பார்த்தார். சொல்லுங்கண்ணா என்று கண்ணாலேயே கெஞ்சினார். வாயைத் திறந்தேன். காற்று மட்டும் வந்தது, வால்வு போன டியூப் மாதிரி. இதற்குள் சுண்ணாம்பு கையை அரிக்க ஆரம்பித்தது. கையைத் தூக்கி உதறினேன். "ஆசீர்வாதம்! ஆசீர்வாதம்!" என்று நாலு பேர் தரையில் விழுந்தார்கள்.

காவ்யா தன் கூட்டாளிகளோடு யோசித்து ஒரு நல்ல காரியம் செய்தாள். சுண்ணாம்பு டப்பாவை எடுத்து, "இங்க பாருங்க, நாங்க தேய்ச்சாலும் செவக்குது!" என்று பிள்ளைகளை விட்டே செய்து காட்டினாள். எல்லாப் பிள்ளைகள் கையும் சிவந்தது. சரி, புரிந்துவிட்டது என்று நினைத்தேன். அந்த அம்மா கண் கலங்கி, "சாமி புள்ளைங்களுக்கும் சக்தி குடுத்துட்டாருடி" என்று ஓர் ஆறாம் வகுப்புப் பெண்ணின் காலில் விழுந்தார். அந்தப் பெண் கொஞ்சமும் அசராமல் விபூதிக்குப் பதில் சாக்பீஸ் தூள் கொடுத்தது.

அப்போதுதான் அந்த மனிதர் வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும், செய்யாறு பக்கம். இடுப்புப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார்.

"சாமி, சுகரு. எட்டு வருஷமா முழுங்கறேன், சலிச்சுப் போச்சு. நிறுத்திடட்டுமா? வாயத் தொறக்க வேணாம், தலைய ஆட்டுங்க போதும்."

நான் ஆட்டவில்லை. சத்தியமாக ஆட்டவில்லை. வேப்பமரத்துக் கட்டெறும்பு ஒன்று தலைப்பாகைக்குள் போய் உச்சியில் கடித்தது. தலை தானாக மேலும் கீழும் ஆடிவிட்டது.

"உத்தரவு ஆயிடுச்சு!" என்று அவர் மாத்திரை அட்டையைக் கசக்கித் தூர எறியக் கையை ஓங்கினார்.

எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. எழுந்து நின்றேன்.

"யோவ்! மாத்திரைய நிறுத்தாதய்யா! நிறுத்தினா செத்துப் பூடுவ! நான் சாமியாரும் இல்ல ஒண்ணுமில்ல, எதிர்ல பஞ்சர் கட! எறும்பு கடிச்சுதுய்யா!"

விழுந்து கிடந்தவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். பிறகு அந்த அம்மா மெதுவாக, "சாமி மௌனத்த கலைச்சிட்டாரு..." என்றார். எல்லோரும் மறுபடி விழுந்தார்கள்.

செய்யாறுக்காரர் மட்டும் விழவில்லை. கசங்கிய அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிரித்து, தண்ணீர் கூட இல்லாமல் அங்கேயே விழுங்கினார்.

சரியாக அந்த நேரத்தில் தலைமையாசிரியர் வெளியே வந்தார். பள்ளி மைதானத்தில் ஐம்பது பேர் குப்புறக் கிடக்கிறார்கள். ஆறாம் வகுப்பு அருள்வாக்கு சொல்லிக்கொண்டிருக்கிறது. "டீச்சர்," என்றார், "இதுதான் உங்க அறிவியலா? நாளைக்கே மன்றத்துக்குப் பூட்டு."

டீச்சர் முகம் செத்துவிட்டது. காவ்யாதான் பெஞ்சு மேல் ஏறினாள்.

"ஒரு நிமிஷங்க! அவரு சாமியார்னு எப்படித் தெரியும்? தாடி, காவி பார்த்துத்தானே? அவரு பஞ்சர் கடைன்னு சொல்றாரு. அதையும் சோதிச்சுப் பார்க்கலாம் இல்ல?"

மன்றத்துப் பெண் பிள்ளைகள் இருவர் ரோட்டைத் தாண்டி ஓடி, என் கடையிலிருந்து ஒரு பஞ்சர் டியூப், பம்பு, தண்ணீர்ச் சட்டி, சொல்யூஷன் எல்லாவற்றையும் தூக்கி வந்தார்கள். காவியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அத்தனை பேர் பார்த்தார்கள்தான். ஆனால் கையில் டியூப் வந்ததும் எனக்குக் கூட்டம் தெரியவில்லை. காற்றடித்து, தண்ணீரில் முக்கி, குமிழி வந்த இடத்தை விரலால் பிடித்து, உரசி, ஒட்டி, மறுபடி முக்கினேன். குமிழி வரவில்லை.

அந்த அம்மா குனிந்து சட்டிக்குள் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். என் நகத்துக்குள் இருந்த கருப்பைப் பார்த்தார்.

"அட, நெஜமாவே பஞ்சர் கடக்காரன்டி!" என்றார். "இவன் கால்லயா வுழுந்தோம்?" பிறகு சுண்ணாம்பு டப்பாவை வாங்கி, தன் கழுத்து மஞ்சளில் கொஞ்சம் வழித்துத் தானே தேய்த்துப் பார்த்தார். சிவந்தது. "அடப்பாவிங்களா" என்று சிரித்துவிட்டார். அவர் சிரித்ததும் வேன் முழுக்கச் சிரித்தது. போகும்போது எலுமிச்சம்பழத்தை எல்லாம் எடுத்துப் போய்விட்டார்கள்.

தலைமையாசிரியர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். மன்றம் இருக்கட்டும் என்றார். "ஆனா இந்த ஆளு மட்டும் இனிமே கேட்டத் தாண்டி உள்ள வரக் கூடாது." இன்று வரை அது அமலில் இருக்கிறது. பெற்றோர் கூட்டத்துக்குக்கூட மல்லிகாதான் போனாள்.

காவ்யா இப்போது கல்லூரியில் படிக்கிறாள். செய்யாறுக்காரர் ஒவ்வொரு பௌர்ணமிக்கும் கடை வாசலில் நின்று, மாத்திரை அட்டையைத் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் நடக்கிறார். "அண்ணா, நான் யாருன்னுதான் தெரிஞ்சுபோச்சே, அப்புறம் எதுக்கு?" என்று ஒருமுறை கேட்டேன்.

"தெரியுதுங்க. டாக்டர் சொன்னாரு, பொண்டாட்டி சொன்னா, கேக்கல. அன்னிக்கு நீங்க போட்ட சத்தம் இன்னும் காதுல கீது. சுகர் கம்மியா இருக்குன்றாங்க."

போன தடவை விடுமுறைக்கு வந்திருந்த காவ்யா இதைக் கேட்டுவிட்டு, "ஏம்ப்பா, இது மூட நம்பிக்கையா, வைத்தியமா?" என்றாள்.

நான் பம்பைத் துடைத்தேன்.

கடைக்குள்ளேயிருந்து மல்லிகா எட்டிப் பார்த்தாள். "அவரக் கேக்காதடி. சாமி மௌனத்துல இருக்காரு. எறும்பு கடிச்சாத்தான் பேசுவாரு."